ஏழாம் எண் வீட்டின் தபால் தலை

3 ஜனவரி

அன்புத் தங்கை கடுகுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா? போன கடிதத்திலும் கேட்டேன். பதில் எழுத மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

ஒரு செய்தி. ஓய்வுபெற்று ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டை ஆலைகளுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் எவ்வளவு என்று சம்பள ஆணையம் முடிவு செய்யப்போகிறது. ஒரு தொழிலாளியும் அவரை நம்பியிருப்பவர்களும் மானத்தோடு வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்று நான் கணக்கிட்டுத் தர வேண்டும். விலைவாசிப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆணையத் தலைவர் யார் தெரியுமா? என்னிடம் பயிற்சிக்கு வந்து, எதைக் கேட்டாலும் "இதோ சார்" என்று பென்சில் சீவிக்கொண்டிருந்தவர். பிரிவில் எல்லாரும் அவரை 'பென்சில்' என்றே கூப்பிடுவோம். இப்போது நான் எழுந்து நிற்கிறேன், அவர் "உட்காருங்க சார்" என்கிறார். எனக்கு உட்காரவும் கூச்சம், நிற்கவும் கூச்சம்.

கடை விலைகள் எங்கள் அலுவலகப் பட்டியலிலேயே இருக்கின்றன. என்னென்ன பொருள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். பத்துப் படிவங்கள் அனுப்புகிறேன். உன் பிசிறு வெட்டும் கூடத்தில் பத்துப் பேரிடம் கொடுத்து, முப்பது நாள் செலவை நிரப்பச் சொல். பெயர் வேண்டாம், எண் போதும். உன் வீட்டைச் சேர்க்காதே. கணக்குப் போடுகிறவனின் ரத்த உறவு அதில் இருந்தால் நேர்மை கெட்டுவிடும். உன்னைத் தொந்தரவு செய்கிறேனோ என்று கடிதத்தை இரண்டு முறை கிழித்தேன். இது மூன்றாவது.

உன் மகள் பாப்பாவுக்கு என் ஆசி.

அண்ணன்

19 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடுகு வணக்கத்தோடு எழுதுகிறேன். இருக்கிறோம். உங்கள் முழங்காலை நான் கேட்டதாகச் சொல்லவும்.

படிவம் வந்த அன்றைக்கு எங்கள் கூடத்தில் ஒரே கூத்து. நாள் முழுக்க நின்றுகொண்டே சட்டையிலிருந்து நூல் பிசிறை வெட்டுகிறவர்களுக்குக் காகிதம் கிடைத்தால் விடுவார்களா? "உன் அண்ணன் என்ன, நம்ம அடுப்புக்குள்ள எட்டிப் பார்க்கிறாரா?" என்று கேட்டாள் தொத்தல் அக்கா. "பார்த்தா பார்க்கட்டுமே, பூனை படுத்திருக்கிறது தெரியும்" என்றாள் அடுத்தவள். 'மீன்' என்ற வரி வந்ததும், "வாசனைக்குத் தனி வரி இருக்கா? பக்கத்து வீட்டு மீன் வாசனை தினம் சாப்பிடறேனே, அதை எங்க எழுதறது?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்ததும் படிவமெல்லாம் சட்டைக் குவியலுக்கு அடியில் போய்விட்டது.

சிரித்தாலும் உண்மையாகத்தான் எழுதுகிறார்கள் அண்ணா. இந்தக் காகிதம் போய் நமக்கு ஏதோ செய்யும் என்று நம்புகிறார்கள். ஒருத்தி மட்டும் பயந்துகொண்டு படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். கவலைப்படாதீர்கள், எப்படியாவது பத்து சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

பாப்பா தையல் மிஷினில் இன்னும் வேகம் கூட்டியிருக்கிறாள். மணிக்கு எழுபது காலர், ஆனால் சம்பளம் இன்னும் பயிற்சிச் சம்பளம்தான்.

உங்கள் தங்கை

20 பிப்ரவரி

அன்புள்ள கடுகுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்துப் படிவங்களும் வந்து சேர்ந்தன. ஒரு கறை இல்லை, அடித்தல் இல்லை. என் அலுவலகத்தில்கூட இப்படி ஒழுங்காக யாரும் நிரப்பியதில்லை. உன் கூடத்தாருக்கு என் நன்றியைச் சொல்.

சில ஐயங்கள். கேட்பதற்கு மன்னிக்க வேண்டும், பழக்க தோஷம். எண் நான்கில் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள், ஆனால் 'பால்' என்ற இடத்தில் பூஜ்யம். மறதியா? எண் ஏழில் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் இருக்கிறாள். 'மருந்து' என்ற இடத்தில் பூஜ்யம். இதுவும் விட்டுப்போனதா? அதே ஏழில் 'தபால் தலை' என்று ஒரு செலவு. பத்து வீட்டில் வேறு எந்த வீட்டிலும் அது இல்லை.

எங்களிடம் ஒரு விதி உண்டு. பத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வரும் செலவை 'ஒற்றைச் செலவு' என்று அடித்துவிடுவோம். அது அந்த வீட்டுக்காரரின் தனிப்பட்ட விருப்பமோ விபத்தோ ஆகும், எல்லாருடைய தேவையும் ஆகாது. எண் ஒன்பதில் பல் பிடுங்கிய செலவு, மூன்றில் மூக்குக்கண்ணாடி, ஐந்தில் ஒரு சாவுச் செலவு. இவையும் அப்படியே.

உன் மாத்திரை பற்றி இன்னும் நீ எழுதவில்லை.

அன்புடன்
அண்ணன்

2 மார்ச்

அண்ணாவுக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

எண் நான்கு மறக்கவில்லை. எண் ஏழும் மறக்கவில்லை. பூஜ்யம் என்று எழுதியிருந்தால் பூஜ்யம்தான்.

இன்னொன்று. உங்கள் விலைப் பட்டியலில் எண்ணெய் ஒரு லிட்டர் பாட்டில் என்று போட்டிருப்பீர்கள். எங்கள் தெருவில் யாரும் பாட்டில் வாங்குவதில்லை. கடைக்காரரிடம் கிண்ணத்தை நீட்டிக் கரண்டியில் வாங்குகிறோம். இருபது கரண்டி ஒரு லிட்டர். இருபது கரண்டிக்குக் கொடுக்கிற காசை ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றரைப் பாட்டில் வாங்கலாம். அதைச் சேர்த்து வைக்க முடிந்தால் நாங்கள் ஏன் கரண்டியில் வாங்குகிறோம்?

பூஜ்யங்களை என்ன செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

தங்கை

14 ஏப்ரல்

அன்புள்ள கடுகுக்கு,

வெயில் கடுமை. உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். நீ உழைத்த உழைப்புக்கு ஒரு பிரதி உனக்கும் வர வேண்டும் என்பதால் இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணெய் விஷயம் சரியான விஷயம். ஆனால் கரண்டி எங்கள் அளவைப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை நான் எந்த ஆதாரத்தில் சேர்ப்பது? பூஜ்யங்களையும் பூஜ்யமாகவே எடுத்துச் சராசரியில் சேர்த்தேன். இல்லாததை இருப்பதாக எழுத முடியாது அல்லவா?

தொகை 5,870. இப்போது உங்கள் சம்பளம் 6,200 என்பது தெரியும். வாங்குவதைவிடத் தேவை குறைவு என்று வந்தது எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. நீங்கள் எல்லாரும் சிக்கனமாக வாழ்கிறீர்கள் என்றுதான் இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டும். அந்தச் சிக்கனத்தை அறிக்கையில் பாராட்டியும் எழுதியிருக்கிறேன். பென்சில் எழுந்து வந்து கைகொடுத்தார்.

எழுதும்போதே ஏதோ உறுத்துகிறது. வயதாகிவிட்டது, எல்லாமே உறுத்தும்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

7 ஜூன்

அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லை. நீங்கள் இரட்டிப்புக் கட்டணம் கட்டித்தான் வாங்கியிருப்பீர்கள். எனக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டபோது தபால் தலையை அடித்தவர் நீங்கள்தான். அடித்த செலவை நான் எப்படிச் செய்வது?

ஆமாம். எண் ஏழு நான்தான். ஒருத்தி பயந்து திருப்பித் தந்த படிவத்தில் என் வீட்டை எழுதினேன். சொன்னால் சேர்க்க மாட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை. அது என் தப்பு. ஆனால் அண்ணா, பத்து வீட்டில் ஒரே ஒரு வீட்டில் தபால் தலை என்று இருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து மாதம் தவறாமல் கடிதம் வாங்குகிறவர் நீங்கள். அது யார் வீடு என்று ஒரு நிமிஷம்கூடவா தோன்றவில்லை? தபால்காரருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு மாதம் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். மே மாதம் முதல் தேதி ஆலை வாசலில் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்து மேனேஜர் உங்கள் அறிக்கையைப் படித்தார். ஒலிபெருக்கியில். "ஏழாம் எண் குடும்பம் காட்டும் சிக்கனம், இந்த வருமானத்தில் நிறைவாக வாழ இயலும் என்பதற்குச் சான்று" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை இரண்டு தரம் படித்தார். "பாருங்கம்மா, உங்களுக்குள்ளயே ஒருத்தி எப்படிப் பிழைக்கிறா! அவளைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றார். நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். நான் என்ன சிக்கனம் பண்ணினேன் என்று தெரியுமா? மாத்திரையை நிறுத்தினேன். நவம்பரிலிருந்து. பின்பக்க அறையை விட்டுவிட்டு ஒரே அறைக்கு வந்தோம். பாப்பா வேலையிலிருந்து வருகிற வரைக்கும் நான் சாப்பிடுவதில்லை, வந்ததும் "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்பேன். அதைத்தான் நீங்கள் நிறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

சம்பளத்துக்கு மேல் தந்துவந்த மாதம் முந்நூறு விலைவாசிப்படியை அன்றே நிறுத்திவிட்டார்கள். தேவைக்கு மேலேயே தருகிறோமாம்.

கூடத்தில் இப்போது உங்களுக்குப் பெயர் 'சராசரி'. "உன் அண்ணன் சராசரி சௌக்கியமா? நாலாம் நம்பர் குழந்தைங்க குடிக்காத பாலைக் குடிச்சுட்டு நல்லா இருக்காரா?" என்று கேட்கிறார்கள். நான் பிசிறு வெட்டிக்கொண்டே நிற்கிறேன்.

ஒற்றைச் செலவு என்று அடித்தீர்களே, படிவங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒருத்திக்குப் பல், ஒருத்திக்குக் கண்ணாடி, ஒருத்தி வீட்டில் சாவு, ஒருத்தி வீட்டுக் கூரை. ஒற்றைச் செலவு இல்லாத வீடு பத்தில் ஒன்றாவது இருந்ததா? மாதா மாதம் எல்லார் வீட்டுக்கும் ஏதோ ஒன்று வருகிறது. ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு பெயரில் வருகிறது. பெயர் வேறு என்பதால் எல்லாவற்றையும் அடித்துவிட்டீர்கள்.

நாங்கள் தின்னாததைத் தேவையில்லாதது என்று எழுதிவிட்டீர்கள் அண்ணா. பட்டினி கிடக்கிறவளைப் பார்த்து 'இவளுக்குப் பசிக்காது' என்று எழுதுகிறதுதான் கணக்கா? உங்கள் கூட்டலில் பிழை இருக்காது. எனக்குத் தெரியும். கூட்டலில் நீங்கள் என்றைக்குப் பிழைவிட்டீர்கள்?

ஜூலை ஒன்பதாம் தேதி ஆணையத்தில் கடைசி விசாரணை. அன்றைக்கு அந்த 5,870-ஐத் திரும்ப வாங்குங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கடுகு

12 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

இரட்டிப்புக் கட்டினேன். தபால்காரர் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார். நான் உறையையே பார்த்துக்கொண்டிருந்ததால் "சார், வேண்டாம்னா திருப்பி அனுப்பிடலாம்" என்றார்.

ஏழாம் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். முட்டை, மாதம் நான்கு. இரண்டு பேர். அப்போது அந்த எண்ணை நான் அப்படியே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

முதலில் மாத்திரை. இன்று மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். உடனே வாங்கு. மாதா மாதம் அனுப்புகிறேன்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவது பற்றி: அது அவ்வளவு எளிதல்ல. கையெழுத்திட்டுக் கொடுத்த அறிக்கையைக் கொடுத்தவனே தவறு என்று சொன்னால், முப்பத்தெட்டு வருஷமாகக் கொடுத்தவையும் கேள்விக்கு வரும். ஆலை வக்கீல் பெரிய ஆள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஒரு திருத்தக் குறிப்பு எழுதித் தபாலில் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதவும் கூசுகிறது.

அண்ணன்

20 ஜூன்

அண்ணாவுக்கு,

மணியார்டரைத் திருப்பிவிட்டேன். உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அனுப்புவார். எண் நான்குக்கு யார் அனுப்புவது? நான் கேட்டது பணமில்லை. நீங்கள் போட்ட எண்ணைத் திரும்ப வாங்கச் சொன்னேன்.

நாலு பேர் முன்னால் பேச வராதா? என்னை ஒலிபெருக்கியில் படித்தார்களே, அன்றைக்கு நாலாயிரம் பேர்.

இதற்கும் தலை ஒட்டவில்லை.

கடுகு

10 ஜூலை

அன்புள்ள கடுகுக்கு,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்றுப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டியும் குறைத்தும் அல்ல.

மூன்று வாரமாக வேறு வழியில் கணக்குப் போட்டிருந்தேன். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதை விட்டுவிட்டேன். ஒரு மனுஷ உடம்பு எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய என்ன சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி உணவுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். எண்ணெய்க்குக் கரண்டி விலை. ஒற்றைச் செலவுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்து ஒரே வரியாகச் சேர்த்தேன். முப்பத்தொன்றாம் வரி, தபால் தலை, மாதம் நான்கு. மொத்தம் 9,640.

பென்சில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க பேர் கெட்டுடும். பேசாம விட்டுடுங்க" என்றார். எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. கால் உள்ளே போய்விட்டது.

ஆலை வக்கீல் எழுந்தார். "ஏப்ரல்ல ஐயாயிரத்து எண்ணூத்தி எழுபதுன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"இப்ப ஒன்பதாயிரத்து அறுநூத்தி நாப்பதுன்னு எழுதியிருக்கிறதும் நீங்கதானே?"

"அதுவும் நான்தான்."

"மூணு மாசத்துல விலைவாசி அவ்வளவா ஏறிடுச்சு?" எல்லாரும் சிரித்தார்கள்.

"விலை ஏறலைங்க. நான் முதல்ல போட்டது தப்பு."

"முப்பத்தெட்டு வருஷ அனுபவம் உள்ளவர் தப்புப் பண்ணுவீங்களா?"

"முப்பத்தெட்டு வருஷமும் இப்படித்தாங்க போட்டேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. பிறகு நானாகவே ஒன்று சொன்னேன். சொல்லாமலிருந்தால் நேர்மை ஆகாது. முதல் அறிக்கையில் ஏழாம் எண் என் உறவினர் வீடு, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது என்றேன். வக்கீலுக்குச் சர்க்கரை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "ஓஹோ, பாசக் கணக்கு!" என்றார்.

"அந்த வீட்டை எடுத்துட்டுப் பாருங்க," என்றேன். "சராசரி கூடும், குறையாது. பத்துலயும் ரொம்பக் கம்மியாத் தின்னது அந்த வீடுதான்." தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

அவர் விடவில்லை. "முப்பத்தொண்ணாம் வரி, தபால் தலை. தபால் தலை இல்லேன்னா செத்துடுவாங்களா?"

"சாக மாட்டாங்க," என்றேன். "ஆனா இருக்காங்களா செத்தாங்களான்னு எழுத முடியாது."

அவ்வளவுதான் பேசினேன். சரியாகப் பேசினேனா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டிய நல்ல பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன. முடிவு ஆகஸ்டில்.

அண்ணன்

8 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

நீங்கள் பேசியதைக் கூடத்தில் சத்தமாகப் படித்தேன். தொத்தல் அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "சராசரிக்கும் சூடு சொரணை இருக்குடி" என்றாள். உங்கள் பெயர் மாறவில்லை, ஆனால் சொல்கிற விதம் மாறிவிட்டது.

நேற்று ஆணையத்தின் முடிவை வாசலில் ஒட்டினார்கள். 7,900. ஆயிரத்து எழுநூறு கூட வருகிறதே என்று சிலர் கைதட்டினார்கள். நான் முழுத் தாளையும் படித்தேன். உங்களிடமிருந்து தொற்றிய வியாதி. முட்டை வாரம் ஐந்தை இரண்டாக்கியிருக்கிறார்கள். எண்ணெய் மறுபடி பாட்டில் விலை. ஒற்றைச் செலவு வரியை முழுசாக அடித்திருக்கிறார்கள். தபால் தலைக்குப் பக்கத்தில் "இன்றியமையாதது அன்று" என்று எழுதியிருக்கிறது. மருந்து பாதி.

மருந்து பாதி என்றால் என்ன அண்ணா? பாதி நோயா? நீங்கள் ஜனவரியிலிருந்து கேட்கிற மாத்திரைக் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய அறிக்கைப் பிரதி பாப்பா கையில் கிடைத்துவிட்டது. ஏழாம் எண்ணைப் படித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள், "நீ சாப்பிட்டாத்தான் எடுப்பேன்" என்றாள். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை வாங்கித் தருகிறாள். பாதி. பென்சில் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னமோ.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யாருக்கும் அடங்கவில்லை. பேசிப் பேசி ஒரு யோசனை வந்தது. எங்கள் கூடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியும் அந்த மாதம் தன் வீட்டுக்கு வந்த ஒற்றைச் செலவை எழுதி, ஆணையத் தலைவருக்கு ஒரு கடிதம் போடப்போகிறோம். செப்டம்பர் முதல் தேதி, எல்லாம் ஒரே நாளில். எதிலும் தலை இருக்காது. அதுதான் இன்றியமையாதது அன்றே!

ஆனால் அவர்கள் வாங்க மாட்டோம் என்று திருப்பிவிட்டால்? விதி என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்தக் கடிதத்துக்கும் உங்களை இரட்டிப்புக் கட்டவைத்ததை மன்னிக்கவும். பழகிவிட்டது.

கடுகு

21 ஆகஸ்ட்

அன்புத் தங்கை கடுகுக்கு,

நான் நலம். முழங்கால்கூட இந்த வாரம் சொன்னபடி கேட்டது, தபால் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன்.

விதியைத் தேடி எடுத்துவிட்டேன். அரசு ஆணையத்துக்கு வரும் மனு எதையும், தலை இல்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது. ஆணையம் இரட்டிப்புக் கட்டிப் பெற்றுக்கொண்டு, பதிவேட்டில் எண்ணிட்டு, பதில் எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் 'மனு' என்று தெளிவாக எழுதச் சொல். அந்தச் சொல் இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள். கட்டணம் கட்டியதற்கான சீட்டு ஒவ்வொன்றிலும் தலைவரே கையெழுத்துப் போட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மையில் போட வேண்டும். பென்சிலில் போட்டால் செல்லாது.

ஆனால் இது பழைய விதி. இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று சோதிக்காமல் உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை சோதிக்காமல் எழுதியதன் பலனைத்தான் பார்த்துவிட்டோமே. ஆகவே முதலில் நானே ஒன்று எழுதினேன். 'மனு' என்று தலைப்பிட்டு, என் ஒற்றைச் செலவையும் குறித்தேன்: இவ்வருஷம் தங்கையின் தலை இல்லாத கடிதங்கள் மூன்றுக்கு இரட்டிப்புக் கட்டணம். கீழே, மருந்தைப் பாதியாக்கிய கணக்கு எந்தப் பட்டியலில் உள்ளது என்று தெரிவிக்கும்படி கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். பிறகு அந்த 'மரியாதையுடன்' என்ற சொல்லை அடித்தேன். என் வாழ்க்கையில் அடித்தலோடு நான் அனுப்பிய முதல் கடிதம் அதுதான்.

எழுபது வயதில், எடை பார்க்காமல், தலை ஒட்டாமல், ஒரு கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே வந்தது.

நேற்று ஆணையத்திலிருந்து ரசீது வந்தது. பணம் கட்டியிருக்கிறார்கள். மனு எண் ஒன்று. விதி நடப்பில் இருக்கிறது. இரண்டிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

இந்தக் கடிதத்தில் மட்டும் தலை ஒட்டியிருக்கிறேன். இரட்டிப்புக் கட்ட ஆணையத்திடம் பணம் இருக்கிறது, உன்னிடம் ஏது?

இப்படிக்கு
சராசரி